தோலுக்குள் இருந்த நிறம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்து கோட்டில் நிற்காது, ஏறும், இறங்கும். சின்ன 'ர' எங்கே, பெரிய 'ற' எங்கே என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான். இருபது வருடமாகப் பெயிண்ட் கலக்கும் கட்டையைப் பிடித்த கைக்குப் பேனா மிக மெல்லிசாக இருக்கிறது. அழுத்தினால் தாள் கிழிகிறது. பிழைகளைப் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் படியுங்கள். வாயால் சொல்லலாமே என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. நான் சொல்லப்போவதே, கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் வந்ததால் நடந்ததுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு பீரோ செய்யும் கம்பெனி ஒன்றில், பெயிண்ட் ஷாப்பில் எனக்கு வேலை. நிறம் கலப்பது என் பொறுப்பு. பழைய பீரோவிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து, இதே நிறம் வேண்டும் என்று கேட்பார்கள். வெள்ளையில் கொஞ்சம் கறுப்பு, ஒரு சொட்டு மஞ்சள் என்று விட்டுக் கலக்கி, ஒரு தகட்டில் தடவி, காய்ந்த பிறகு சில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் முதல் தடவையிலேயே பொருந்திவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. நிறம் என்பது மேலே பூசுவது என்பதுதான் அந்த வேலையில் நான் கற்றது. ஆணியால் கீறினால் கீழே பிரைமர் என்கிற அடிப்பூச்சு தெரியும். அதற்கும் கீழே இரும்பு. பச்சை பீரோவும் சாக்லேட் பீரோவும் உள்ளே ஒன்றுதான்.

எண்பத்தாறாம் வருடம் கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடு, எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடிபம்பு. என் மகளுக்கு அப்போது நாலு வயது. மனைவிக்கு ஆறாம் மாதம். மகளுக்குப் பிறகு இரண்டு தடவை கரு தரித்தும் நிலைக்கவில்லை. அதனால் இந்தத் தடவை அவள் தரையில் அடி வைப்பதுகூடப் பார்த்துப் பார்த்துத்தான்.

அந்த மாசி மாதத் தொடக்கத்தில் மகளுக்குத் தட்டம்மை போட்டது. வேப்பிலை செருகி, மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முறைப்படிதான் செய்தோம். அம்மை இறங்கியது. பிள்ளை மெலிந்து போயிருந்தாள், வேறொன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தோம்.

மூன்று வாரம் கழித்துத்தான் அதைக் கவனித்தோம். பகலெல்லாம் ஓடி விளையாடுகிறவள் பொழுது சாயத் தொடங்கினால் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். சோற்றுத் தட்டை முன்னால் வைத்தால், கை தட்டுக்கு ஒரு சாண் தள்ளித் தரையைத் தடவும். விளையாட்டு என்று நினைத்து நானே அதட்டியிருக்கிறேன். ஒரு நாள் பம்பு மேடையில் தடுக்கி விழுந்து உதடு கிழிந்தது. மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் என் மனைவி ஒன்றும் பேசாமல் போய் அவள் எதிரில் நின்றாள். கை நீட்டினால் தொடும் தூரம். குழந்தை அவள் முகத்தைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு, "யம்மா, எங்க கீற?" என்று கூப்பிட்டாள்.

மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். 

பக்கத்து வீட்டு அக்கா, தன் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் பகலிலும் தெரியாமல் போனது என்று சொன்னார். மனைவி திருவேற்காட்டு அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். நான் அரை நாள் லீவு போட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சர்க்கார் சுகாதார நிலையத்துக்குப் போனேன். மனைவியை வெயிலில் நடக்கவைக்க மனம் வரவில்லை.

அன்று புதன்கிழமை, தடுப்பூசி போடுகிற நாள். அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். நான் ஒருவன்தான் ஆண். நர்ஸம்மா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். மாலைக்கண் என்றார். அம்மை போட்ட பிள்ளைகளுக்கு உடம்பில் சத்து வற்றிப்போய் இப்படி வரும், இப்போதே பார்த்தது நல்லது, விட்டால் கண்ணே கெட்டுவிடும் என்றார். கண் வெள்ளையாக மங்கினால் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றார். கொடுக்க வேண்டிய மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த புதன்கிழமை மருந்து வந்துவிடும் என்றும் சொன்னார்.

"அது வரைக்கும் பழம் நெறைய குடுங்க. நல்ல கலரா பாத்து வாங்குங்க. மஞ்சளு, செவப்பு. கலரு கெட்டியா இருந்தா சத்தும் கெட்டியா இருக்கும்."

எந்தப் பழம் என்று கேட்டிருக்க வேண்டும். அவரும் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னால் நின்ற ஒரு பெண், "அண்ணே, கொஞ்சம் நவுருங்க" என்றாள். எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நிறம்தானே, அது எனக்குத் தெரியாதா என்றும் மனதுக்குள் ஒரு தைரியம்.

எஸ்டேட் கேட் பக்கத்தில் பூந்தமல்லியிலிருந்து வரும் பாய் ஒருவர் தள்ளுவண்டியில் பழம் விற்பார். அன்று மாலை அவர் வண்டி முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். பெயிண்ட் சில்லைப் பார்ப்பது போல ஒவ்வோர் ஆப்பிளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருந்ததிலேயே கருஞ்சிவப்பாக இருந்ததை எடுத்தேன். பெயிண்ட் ஷாப்காரர்களுக்கு நெஞ்சில் தூசி தங்கக்கூடாது என்று கம்பெனியில் தினமும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார்கள். அதிலும் நல்ல மஞ்சளாகப் பார்த்து எடுத்து மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுவரை எங்கள் வீட்டில் ஆப்பிள் என்பது காய்ச்சல் கண்டவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்கிக்கொண்டு போகும் பொருள். நாங்கள் தின்பதற்கு அல்ல. தோல் குழந்தைக்குச் செரிக்காது என்று என் மனைவி ஒரு பொட்டுச் சிவப்பு இல்லாமல் சுத்தமாகச் சீவி, துண்டு துண்டாக ஊட்டுவாள்.

நாலைந்து நாள் போனதும் பாய் கேட்டார். "இன்னா அண்ணாத்தே, தினிக்கும் ஆப்பிளா வாங்கினு போற. ஆஸ்பத்திரில யாரு கீறாங்க? இல்ல, புச்சா மாமியார் ஊடு எதுனா புட்சிக்கினியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடமும் நான் சொல்லவில்லை.

குழந்தைக்குக் கன்னம் கொஞ்சம் தேறியது. கண் தேறவில்லை. ஒவ்வொரு நாளும் ஐந்தரை மணிக்கெல்லாம் அவள் எதிரில் போய் உட்காருவேன். விரலைக் காட்டிப் பார்ப்பேன். அவள் என் குரல் வரும் பக்கம் திரும்பி, தெரிகிற மாதிரி சிரிப்பாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அந்தச் சிரிப்பு என்று புரிந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. தினமும் காலையில் முதல் வேலையாக அவள் கருவிழி வெள்ளையாகிவிட்டதா என்று பார்ப்பேன்.

சொன்ன புதன்கிழமை வந்தது. மருந்தும் வந்திருந்தது. மஞ்சளாய், எண்ணெய் போல. நர்ஸம்மா ஒரு கரண்டி ஊற்றிக் குழந்தையின் வாயில் விட்டுவிட்டு, என்ன பழம் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் ஆப்பிளும் வாழைப்பழமும் என்றேன். கடையில் இருந்ததிலேயே சிவப்பானது என்றும் சொன்னேன்.

"தோலோடயா?"

"சீவித்தாம்மா."

"சீவினா உள்ள இன்னா கலரு?"

 பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை. வெள்ளை என்று மெதுவாகச் சொன்னேன். பதினாலு நாளாக என் பிள்ளைக்கு வெள்ளையைத் தின்னக் கொடுத்திருக்கிறேன். நிறத்தை எல்லாம் சீவிக் குப்பையில் போட்டிருக்கிறோம். நிறம் கலப்பவன் நான்.

அப்போதுதான், அத்தனை பெண்கள் முன்னால், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டேன். "எந்தப் பழத்துல உள்ள வரைக்கும் கலரு இருக்கும்மா?"

அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே மதில் ஓரம் ஒரு பப்பாளி மரம் நின்றிருந்தது. மாம்பழம் வருகிற வரைக்கும் அதுதான் ராஜா என்றார். இப்போது வாயில் விட்டேனே, அந்த மருந்து செய்கிற வேலையைத்தான் பழத்தின் மஞ்சளும் உடம்புக்குள் போய்ச் செய்கிறது. மருந்து தொடங்கி வைக்கும், பழம்தான் விடாமல் நடத்திக்கொண்டு போகும். ஆப்பிளும் வாழைப்பழமும் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இந்தக் கண்ணுக்கு அவை போதா. ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ளே ஒவ்வொரு வேலை இருக்கிறது என்றார். வீட்டில் மாசமாக இருக்கிறாள் என்றதும் இன்னொன்றும் சொன்னார். இரும்பு மாத்திரை போடுகிறபோது கூடவே சாத்துக்குடியோ கமலாவோ சாப்பிடச் சொல்லுங்கள், அப்போதுதான் இரும்பு உடம்பில் சேரும். இதைக் கேட்டு நான் அசந்துபோனேன். இரும்பின் மேல் நிறத்தைப் பிடிக்கவைப்பது என் வேலை. உடம்பில் இரும்பைப் பிடிக்கவைக்க ஒரு பழத்தின் சாறு போதுமாம்.

வீட்டுக்கு வந்து பப்பாளி என்று சொன்னதும் மனைவியின் முகம் மாறிவிட்டது. மாசமாக இருக்கிற வீட்டில் பப்பாளி ஆகாது என்பது எங்கள் பக்கம் எல்லோரும் கைக்கொள்கிற கட்டுப்பாடு. சூடு, கருவைக் கலைத்துவிடும் என்பார்கள். இரண்டை இழந்தவளிடம் நான் என்ன வாதாட முடியும்? அவள் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்தாள்.

"அதுக்கும் கண்ணு வேணும், இதுக்கும் உசுரு வேணும்" என்றாள். "வெளிய இட்டுகினு போயி துன்ன வச்சிட்டு வா. கையி, வாயி கய்வி வுட்டு இட்டா. அந்த வாசன ஊட்டுக்குள்ள வரக்கூடாது."

அவள் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடியும் பாயின் வண்டிக்கு நடப்பேன்.

முதல் நாளே விஷயம் முழுவதையும் பாயிடம் சொன்னேன். அவர் கேலி பேசவில்லை. வண்டிக்கு அடியில் வைக்கோலில் வைத்திருந்த ஒரு பழத்தை எடுத்தார். தோல் பச்சையும் மஞ்சளுமாக, அங்கங்கே கறுப்புப் புள்ளியோடு, பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு பீரோ அந்த மாதிரி வந்தால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கச் சொல்லியிருப்பேன். பாய் கத்தியை நீளவாக்கில் இழுத்து இரண்டாகப் பிளந்தார்.

அதுவரை நான் பப்பாளியைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தது அன்றுதான். சிவப்பும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்த நிறம். நடுவில் நனைந்த மிளகு போல விதைகள். சாய்ந்த வெயில் அதன் மேல் விழுந்து பாயின் கை, என் மகளின் மோவாய், எல்லாம் அந்த நிறமாகிவிட்டன. எனக்கு வெட்டித் தந்த பழத்துண்டை நகத்தால் கீறினேன். பழக்கதோஷம். கீறிய இடத்திலும் அதே நிறம். இன்னும் ஆழமாகக் கீறினேன். அங்கேயும் அதுவே. பூசாத நிறம். யாரும் கலக்காத நிறம்.

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணாத்தே, துன்றியா, இல்ல பாலீஷ் போடறியா?"

மகள் இரண்டு துண்டு தின்றாள். கீரையை வாயில் வைத்தால் துப்புகிறவள், மூன்றாவதுக்குக் கை நீட்டினாள்.

மறுநாள் பாயிடமே ஒரு துண்டை வாங்கி இலையில் மடித்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் அந்த நிறத்தைக் கலந்து பார்த்தேன். மஞ்சளில் சிவப்பு விட்டேன், வெள்ளையால் தணித்தேன், திரும்பவும் சிவப்பு. டின்னில் ஈரமாக இருக்கும்போது வந்துவிட்டது போலத் தோன்றும். தகட்டில் காய்ந்ததும் செத்துப்போகும். ஸ்பிரே அடிக்கிற தோழன் வந்து எட்டிப் பார்த்தான். "இன்னா மாமே, பப்பாளி கலர்ல பீரோவா? எந்த மாப்ளைக்கு?" என்றான். நாலு தகடு வீணானது. எந்தச் சில்லைக் கொண்டுவந்தாலும் பொருத்திவிடுகிற எனக்கு அது மட்டும் பிடிபடவில்லை. அதில் எனக்கு வெட்கம் வரவில்லை. ஏதோ கோயில் கர்ப்பகிரகத்துக்கு முன்னால் நிற்பது போல இருந்தது.

அதன் பிறகு பழங்களைப் பார்க்கிற என் பார்வையே மாறிவிட்டது. பங்குனி வெயிலில் பூந்தமல்லி ரோட்டில் தர்பூசணி குவித்திருப்பார்கள். மேலே குளத்துப் பாசி மாதிரிப் பச்சை, வெட்டினால் ரத்தச் சிவப்பு. அந்தத் தண்ணீர்ச் சிவப்பு எந்தக் குழாயில் ஏறி வந்தது என்று யோசிப்பேன். பாய் ஒரு நாள் ஒரு கொய்யாவைப் பிளந்து காட்டினார். வெளியே ஒரு நிறமும் இல்லாத காய், உள்ளே ரோஜா. ஈறில் ரத்தம் கசிந்தால் இதைத் தின்னச் சொல்வார்கள் என்றார். நாங்கள் இருபது பேர், டின் டின்னாகச் சாயம் வாங்கி, மாஸ்க் கட்டி, மிஷின் வைத்து ஒரு தகட்டுக்கு மேலே ஒரு மெல்லிய நிறம் போடுகிறோம். இங்கே மண்ணும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து, யாரும் பார்க்காத இருட்டுக்குள், தோலை மூடிவைத்துவிட்டு, இத்தனை நிறத்தைச் செய்கின்றன. அது பார்வைக்கு அழகாக இருப்பதோடு நிற்பதில்லை. தின்றவன் கண்ணுக்குள் போய்ப் பார்வையாகவே ஆகிவிடுகிறது.

மருந்தா பழமா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்வேன். நர்ஸம்மா அப்படித்தான் சொன்னார். மறு மருந்துக்கும் சொன்ன தேதியில் போய் வந்தேன்.

பப்பாளி தின்னத் தொடங்கி ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ இருக்கும். வண்டியிலிருந்து திரும்பும்போது பொழுது நன்றாகச் சாய்ந்துவிட்டது. எங்கள் தெருவில் அன்று கம்பத்து விளக்கு எரியவில்லை. தோளில் உட்கார்ந்திருந்தவள் என் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, நில்லு. நாயி பட்துகினு கீது."

நான் நின்றேன். எங்கே என்று கேட்டேன். எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தால், என் காலுக்கு இரண்டடி முன்னால் ஒரு கறுப்பு நாய், கறுப்புத் தரையில் சுருண்டு படுத்திருந்தது. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் மிதித்திருப்பேன்.

 அவளைக் கீழே இறக்கிவிட்டேன். அவள் நாயைச் சுற்றிக்கொண்டு போனாள். சாக்கடைக் கல்லைத் தாண்டினாள். பம்பு மேடையில் ஏறி இறங்கினாள். நான் பின்னால் கையை நீட்டியபடியே நடந்தேன், ஒரு தடவைகூடத் தொடவில்லை.

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். குழந்தை தோளில் இல்லாததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.  மகள் எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். உள்ளே இன்னும் விளக்குப் போடவில்லை. மனைவியின் கை சுவிட்சுக்குப் போனது, அப்படியே நின்றது. குடத்தை இடிக்காமல், அம்மியில் தடுக்காமல், மகள் பாட்டுக்கு மூலைக்குப் போய்த் தன் மரப்பாச்சியை எடுத்துக்கொண்டு, எதிர்ச் சுவர் வரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக ஏன் இன்னும் விளக்கு வைக்காமல் இருக்கிறாய் என்று கேட்டார்.

"இருக்கட்டும்க்கா. கொஞ்ச நேரம் இருட்டாவே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். உள்ளே மகளின் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இருட்டு கெட்டியாகிக்கொண்டே வந்தது. அவள் நடப்பதைப் பார்க்க எங்கள் கண்தான் போதவில்லை.

இதை எழுதி முடித்தது 28.6.1997, சனிக்கிழமை.